பூசையில் உட்கார்ந்த பெட்டி

படிக்காதவன் செய்கிற தப்பு சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன், பெருக்குகிறவன், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் நான்தான். (அந்த டீக்கடையைப் பற்றி ஆரம்பித்தால் இது முடியாது.)

ஆயுத பூசை. கத்தரி, சுத்தியல், சைக்கிள் எல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்தேன். கம்ப்யூட்டர் அறையில் மூன்று பெட்டிகளுக்குத் திரை இருந்தது. நாலாவது மட்டும் திரை இல்லாமல் மூலையில் கிடந்தது. சும்மா கிடக்கிற பெட்டி, இன்றைக்காவது மரியாதை பெறட்டும் என்று வயரைப் பிடுங்கி, சாமி அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து மாலையும் போட்டேன்.

பூசை முடிந்ததும் தூத்துக்குடியிலிருந்து இன்ஜினியர் பெண் வந்தாள். அவள் புது புரோகிராமை இணைத்துக் கொடுத்தால்தான் துறைமுகத்துக்குப் போகிற லாரிக்குச் சீட்டு அடிக்க முடியும். ஆறு மணிக்குள் லாரி கிளம்பாவிட்டால் கப்பலுக்குச் சரக்கு சேராது.

மத்தியானம் தாண்டியும் இணையவில்லை.

"இந்தப் பெட்டி எல்லாம் ஒரே கிளஸ்டர் மொதலாளி, ஒண்ணாச் சேந்து வேலை பாக்குற கூட்டம்" என்றாள். "எது எங்கன இருக்கு, எதை எப்படிக் கூப்பிடணும்ங்கிற வெவரம் பூரா ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு. புது புரோகிராம் மொதல்ல அதுட்டதான் கேக்கும். அது பதிலே சொல்ல மாட்டேங்குது."

"அது எந்தப் பெட்டில இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"போன தடவ வந்தப்ப மூலையில திரை இல்லாம ஒண்ணு இருந்துச்சே."

நான் சாமி அறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அது... சாமிட்ட இருக்கு மொதலாளி."

"என்னலே சொல்லுத?"

முதலாளி ஓடிப்போய்ப் பார்த்தார். மாலையும் சந்தனமுமாக மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பூசையில வச்சதை நாளைக்குக் கற்பூரம் காட்டாம எடுக்கக் கூடாதுலே! எங்கப்பா காலத்துல இருந்து ஒரு ஊசியக்கூட எடுத்ததில்ல. லாரி மட்டும் போகல, நாளைக்கி நீ இங்கன இருக்க மாட்ட."

இன்ஜினியர் பெண்தான் காப்பாற்றினாள். "எடுக்க வேண்டாம் மொதலாளி. வயரை அங்கன கொண்டு போவோம்."

ஜன்னல் வழியாக வயரை இழுத்துச் சொருகினேன். அவள் கம்ப்யூட்டர் அறையிலிருந்து கத்தினாள்.

"அண்ணாச்சி, பச்சை லைட் எரியுதா?"

"மாலைய வெலக்குனாத்தான் தெரியும் தாயி!"

"வெலக்குங்க!"

"மொதலாளி, மாலைய வெலக்குனா பெட்டிய எடுத்த மாதிரி ஆயிருமா?"

"வெலக்குலே மூதி!"

எரிந்தது. "கனெக்ட் ஆயிருச்சு!" என்று அங்கிருந்து சத்தம். ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் லாரி கேட்டைத் தாண்டியது. நான் சாமி அறைக்கு ஓடினேன். அங்கேயே உட்கார்ந்து படத்தை ஒரு தடவையும் பெட்டியை ஒரு தடவையும் கும்பிட்டேன்.

வேலை போகவில்லை. ஆனால் இன்றைக்கும் வீட்டில் இன்டர்நெட் நின்றால் என் மகள் மருமகனிடம் சொல்வாள்: "கம்பெனிக்குப் போன் போடுறதுக்கு முந்தி, அப்பா சாமி ரூம்ல எதும் வச்சிருக்காகளான்னு பாருங்க."

(இதுவரை ஒரே ஒரு தடவைதான் இருந்தது.)