பச்சை மைப் பாதுகாப்பு

எங்களைப் போன்ற விவசாயிகள் பஸ் ஏறி விழுப்புரம் வந்து அவதிப்படக் கூடாது என்ற உயரிய நோக்கத்தோடு எங்கள் பகுதி வடிகால் அலுவலகம் ஓர் இணையதளம் தொடங்கியது. இனி வீட்டிலிருந்தபடியே அவதிப்படலாம். குறையை எழுதிப் படத்தைப் பதிவேற்றினால் அதிகாரி பார்த்து ஆணையிடுவார்.

நிலக்கடலை போட்டிருந்த திண்டிவனம் பக்கத்து அம்பிகா எழுதினார்: "மல்லாட்டைக் காட்டுல தண்ணி நிக்குது. வடிகால் ஷட்டரைத் திறக்காட்டி காய் அழுகிப்போயிடும்." படமும் போட்டார்.

அன்றைக்கே யாரோ ஒரு புண்ணியவான், படம் என்று பெயர் வைத்து வேறொன்றைப் போட்டான். மறுநாள் தளத்தின் முகப்பில் இடுப்பு இளைக்க லேகியம் விற்பனைக்கு வந்தது.

கம்ப்யூட்டர் பார்க்கும் பார்த்திபன், அதிகாரி சீனுவாசனிடம் விளக்கினார்.

"சார், நம்ம சைட்டு பேரைத்தான் பார்க்குது. உள்ள என்னா இருக்குதுன்னு பார்க்காம எல்லாத்தையும் வாங்கிக்கினு இருக்கு. இவன் போட்டது ப்ரோக்ராமு. அது வழியா பூந்து உங்க சீட்டுலயே உக்காந்துக்கினான். நாலு வரி எழுதினா அடைச்சிடலாம்."

"பேர்ல படம்னுதானே இருக்குது?"

"ஆமா சார்."

"அப்ப பொய் சொல்லியிருக்கான். பொய்யைத் தடுக்க கவர்மெண்ட்ல ஏற்கெனவே வழி இருக்குதுய்யா."

ஆணை பிறந்தது. இனி எந்தப் படத்தையும் அச்செடுத்து, கெசட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் சான்றொப்பம் வாங்கி, அதை மறுபடி படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும்.

அம்பிகா அலைந்து ஒரு தலைமையாசிரியரைப் பிடித்தார். அவர் தாராள மனசுக்காரர். பச்சைக் கையெழுத்தும் முத்திரையுமாகப் படத்திலிருந்த காடு முழுவதையும் மூடிவிட்டார். சீனுவாசன் பதில் அனுப்பினார்: "பயிர் பசுமையாகக் காணப்படுவதால் நடவடிக்கை தேவையில்லை."

பார்த்திபன் சொன்ன கதை அதற்குள் எங்கள் காதுக்கும் வந்திருந்தது. அம்பிகா அதே தளத்தில் எழுதினார்: "உள்ள பூந்த தம்பி, அந்த சீட்டுலதான உக்காந்துக்கினு இருக்கீங்க. ஷட்டரைத் திறக்க ஒரு ஆர்டர் போடுங்க. ஜல்தியா போடுங்க."

டீ ஆறுவதற்குள் ஆணை வந்தது. சீனுவாசன் பெயரில் வந்ததால் சீனுவாசன் உட்பட யாரும் சந்தேகப்படவில்லை. ஷட்டர் திறந்தது, தண்ணீர் வடிந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? கோட்டக்குப்பம் வரை ஆளாளுக்கு அவனுக்கே எழுதினோம். தம்பி அய்யா ஆனான், அய்யா மாண்புமிகு ஆனார். இந்த நேரம் பார்த்து பார்த்திபனுக்கு அந்த நாலு வரி எழுத அனுமதி கிடைத்தது. கூட்டமாக ஓடினோம்.

"ஓட்டையை அடைச்சிடாதீங்க சார். இந்த ஆபீசுல வேலை நடக்கிற இடம் அது ஒண்ணுதான்" என்றார் அம்பிகா.

சீனுவாசன் கோபப்படவில்லை. "வாயால சொன்னா எப்படிம்மா? சைட்டுல மனு போடுங்க" என்றார்.

போட்டோம். அதற்குள் மறுபடி மழை பெய்து, ஷட்டரையும் யாரோ மூடியிருந்ததால், அம்பிகா அதையும் சேர்த்து எழுதினார். மாண்புமிகு அவர்களிடமிருந்து முறையாகப் பதில் வந்தது: "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. அடுத்த வாரம் அணுகவும்."

மரியாதையோடு காத்திருக்கிறோம். மல்லாட்டைதான் காத்திருக்கவில்லை.