எட்டு மாதச் சினைக் குதிரையும் எங்கள் ஸ்டெனோவும்

இந்தக் கல்கத்தாவில் மனிதர்களே கிடையாது, இரண்டு கால் குறைந்த குதிரைகள்தான் உண்டு என்று முழுமனதோடு நம்பிய ஒரே ஆசாமி எங்கள் குதிரை ஸ்டெனோ. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. டாக்குரியாவில் எங்கள் கட்டடத்துத் தபால்பெட்டியைத் தவிர வேறு யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

அலிப்பூரில் ஒரு கால்நடை அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவர். குதிரை டாக்டர்கள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து, மூன்று நகல் போட்டுக் கோப்பில் வைத்தவர். டாக்டர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் இவர் மண்டையில் தங்கிவிட்டது. “முப்பத்து நாலு வருஷத்துல ஒரு தப்பு, ஒரு அடித்தல் திருத்தல் காட்டச் சொல்லும் ஓய்!” என்பார். அதுதான் அவருடைய ஒரே சொத்து, ஒரே கர்வம்.

ஏரிக்கரையில் காலை நடைக்குப் போனால் எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி வருவார். “ஓய், இடது பின்னங்கால் நொண்டறது. லாடம் மாத்தணும்.”

“எனக்கு மொத்தமே ரெண்டு கால்தான் ஓய். பின்னங்காலுக்கு எங்கே போவேன்?”

“அதனாலதான் கண்டுபிடிக்கறது கஷ்டமா இருக்கு.”

மூன்றாம் மாடியில் வங்காளிக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. மாடிப்படியில் வழிமறித்து எத்தனை மாதம் என்று விசாரித்தார். ஏழு என்றாள். “கவலைப்படாதே மா, இன்னும் நாலே மாசம்தான்” என்று ஆசீர்வதித்தார். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மாமியார் கரண்டியோடு வெளியே வந்து, “ஏ கீ கொதா!”, இது என்ன பேச்சு என்று வங்காளியில் அலறினாள். குதிரைக்குப் பதினொரு மாதம் என்று அவளுக்கு விளக்கப் போய் ஸ்டெனோ கரண்டியடி வாங்கினார். இரண்டே மாதத்தில் குழந்தை கொழுகொழுவென்று பிறந்தது. அப்போதாவது ஒப்புக்கொண்டாரா? “குறைப்பிரசவம்” என்றார். அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அவர் கணக்கில் குறைப்பிரசவம்தான்.

இத்தனை தெரிந்த மனிதர் குதிரையை வாழ்நாளில் தொட்டதே இல்லை. பயம்! விக்டோரியா நினைவகத்து வாசலில் ஒருநாள் வண்டிக் குதிரை ஒன்றின் நுரையீரலைப் பற்றி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குதிரை தும்மியது. நான் திரும்பிப் பார்த்தபோது ஸ்டெனோ எதிர்ச்சாரியில் மினிபஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். எந்தக் குதிரைக்கும் அவருக்கும் நடுவே பத்தடி இருக்கும். காகிதத்தில் மட்டும்தான் நெருக்கம்.

இனி சிரிப்பதற்கு அதிகம் இல்லை. என் மகள் வித்யாவின் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம் எதிர்வீட்டு மார்வாடிக் குடும்பத்து மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கினான். ஆறு மாதம் தெருவே அதைப் பேசியது. எனக்கு அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. வித்யாவின் மாப்பிள்ளை காசியாத்திரைக்குக் குதிரையில் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

“ஏன்னா, காசியாத்திரைக்குக் குடையும் தடியும் விசிறியும் போறாதா? குதிரை எதுக்கு?” என்றாள் மனைவி.

“நடந்து போனா காசிக்கு என்னிக்குப் போய்ச் சேர்றது?”

“அவர் போய்ச் சேரக் கூடாதுன்னுதானே நீங்க நடுவழியில நிறுத்தப் போறேள்!”

மைதானத்தில் குதிரை வைத்திருந்த யூனுஸைப் பிடித்தேன். வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவனிடம் வெள்ளை ஒன்றே ஒன்று, சாந்தினி என்ற பெட்டைக் குதிரை. அவன் தயங்கினான். “பாபுஜி, இவ வயித்துல பச்சா இருக்கு. எட்டு மாசம். மேலே ஆள் ஏறலாமான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாராவது இருந்தா கேட்டுச் சொல்லுங்க. அவர் சரின்னா எனக்கும் சரி.”

ஸ்டெனோவிடம் கேட்டேன். வாயால் பதில் சொல்லவில்லை. அலுவலகம் கழித்துப்போட்ட தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் கடிதம் அடித்து, மூன்று நகல் எடுத்தார். பொருள்: முதிர்ந்த சினையில் உள்ள குதிரை மீது சவாரி செய்தல் தொடர்பாக. முதல் ஆறு, ஏழு மாதம் வரை, டாக்டர் பார்த்து அனுமதித்தால், பழகிய குதிரை மீது எடை குறைந்தவர் மெல்ல நடையில் போகலாம். அதற்குப் பிறகு குட்டி வேகமாக வளரும். தாய்க்கு அதன் பாரமே போதும். முதுகில் யாரும் ஏறக் கூடாது. எட்டாம் மாதத்தில் அனுமதி இல்லை.

“மாப்பிள்ளை என்ன எடை ஓய்?”

“தொண்ணூறைத் தாண்டும்.”

“வேண்டாம். கையால பிடிச்சுண்டு கூட நடக்கட்டும். அதுவே அழகாத்தான் இருக்கும்.”

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே யூனுஸுக்குப் போன் செய்து, “எங்க பில்டிங்ல ஒரு குதிரை டாக்டர் இருக்கார். தாராளமா ஏறலாம்னு சொல்லிட்டார்” என்றேன். படித்தவன், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன், அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே இப்படிச் சொன்னேன். இதுவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளாததை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணி. மாப்பிள்ளை கார்த்திக் பஞ்சகச்சத்தோடு, ஒரு கையில் குடையும் மறு கையில் விசிறியுமாகச் சாந்தினி மேல் ஏறினார். அவள் முதுகு லேசாக இறங்கியது. யூனுஸ் கடிவாளத்தைப் பிடித்து நடத்தினான். மண்டபத்து வாசல் தாண்டியதும் நான் தேங்காயோடு குறுக்கே போய், காசிக்குப் போக வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன் என்று கேட்டு நிறுத்த வேண்டும். அதுதான் சடங்கு. பெண்ணின் தகப்பனுக்கு அந்த இடத்தில் இருக்கும் ஒரே வேலை நிறுத்துவது.

நிறுத்தினேன். வீடியோக்காரன், “மேஷோமொஷாய், ஆர் ஏக்பார்!” என்றான். வெயில் சரியாக விழவில்லையாம், இன்னொரு தடவை வேண்டுமாம். மாப்பிள்ளை மறுபடி காசிக்குப் புறப்பட்டார். அந்த முறையும் சரிவரவில்லை. மூன்றாவது தடவை தெருமுனை வரை விட்டுவிட்டேன். அங்கே போனால்தான் எதிர்வீட்டு மார்வாடியின் உறவினர்கள் தங்கள் மாடியிலிருந்து பார்க்க முடியும்.

பந்தி வரிசையிலிருந்து ஸ்டெனோ ஓடி வந்தார். குதிரையை நோக்கி அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நேரே குதிரையிடம் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடிவாளத்தைக் கெட்டியாகப் பிடித்தார்.

“இறங்கு! இறங்குடாப்பா! வேர்த்துக் கொட்டறது பார், மூச்சு வாங்கறது பார்!”

“மாமா, யாரு இவர்?” என்றார் மாப்பிள்ளை குடைக்கு அடியிலிருந்து.

நாயனம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஓய், இது என் ஆத்து விசேஷம். டைப் அடிச்சவனெல்லாம் டாக்டரா? போய் இலையில உட்காரும்!” என்று கத்தினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். குதிரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. கடிவாளத்தை விட்டுவிட்டு, “சரி ஓய்” என்று சொல்லிப் போய்விட்டார். சாப்பிடவில்லை. மூன்றாவது தடவை வீடியோவில் அழகாக வந்திருக்கிறது. ஒரு ஓரத்தில் ஸ்டெனோ தெரிந்தார். வெட்டச் சொன்னேன். வெட்டிவிட்டார்கள்.

நாலாம் நாள் யூனுஸ் போன் செய்தான். குட்டி செத்துப் பிறந்திருந்தது. சவாரிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சில வருஷம் ஓட்டினேன். நடைக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். படியில் எதிர்ப்பட்டால் ஸ்டெனோ மட்டும் வழக்கம் போல என் காலைப் பார்ப்பார். “இப்ப தேவலை” என்பார். குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

போன மார்கழியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் மைதானத்துக்குப் போய் யூனுஸைத் தேடிப்பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“டாக்டர் பாபுவா? ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரே! முதல் தடவை வந்தப்போ, நீங்க சொன்ன டாக்டர் இவர்தான்னு நான் ரொம்பத் திட்டிட்டேன் பாபுஜி. ‘சரின்னு சொன்னதும் நீங்கதான், அப்புறம் ஓடி வந்து லகானைப் பிடிச்சதும் நீங்கதான், என்ன டாக்டர் நீங்க’ன்னு அவரைக் கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“சாந்தினியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், ‘முதல்ல தப்பாச் சொல்லிட்டேன் பாய். ஞாபகம் வந்ததும்தான் ஓடி வந்தேன். என் தப்புதான், மன்னிச்சுடு’ன்னார்.”

கொழுத்த குழந்தையைக் குறைப்பிரசவம் என்று சாதித்த மனிதர்!

அந்தக் கடிதம் என்னிடம் இருந்தது. யூனுஸிடம் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். போனில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாந்தினியின் கழுத்தைத் தடவத் தொடங்கினான். அவளுக்கு வயதாகிவிட்டது. இப்போது சவாரிக்கு விடுவதில்லை. அதன்பின் அவளுக்குக் குட்டி தங்கவே இல்லையாம்.

தடவிக்கொண்டே, “அவர் அதோ அந்த மரத்துக்குப் பின்னாடிதான் நிப்பார்” என்றான். “ஊறவெச்ச கடலைப் பொட்டலத்தைக் கால் நுனியால இந்தப் பக்கம் தள்ளிவிடுவார். கிட்ட மட்டும் வர மாட்டார்.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடலை கொண்டுபோகிறேன். அந்த மரத்துக்குப் பின்னால், பத்தடி தள்ளி நிற்கிறேன். சாந்தினி தின்றுவிட்டு நிமிர்ந்து, என்னைத் தாண்டி யாரோ வருகிறார்களா என்று பார்க்கிறாள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.