சிறுத்தைக்குப் பொன்னாடை

உங்கள் கருத்தைக் கேட்காமலே காரியம் செய்கிறவர்கள் உலகத்தில் ஒரு வகை. அவர்களைச் சமாளித்துவிடலாம், எதிர்க்கலாம், திட்டலாம், முடியாவிட்டால் அவர்கள் தலை மறைந்ததும் நம் விருப்பப்படி செய்துகொள்ளலாம். கருத்தைக் கேட்டு அதன்படி நடப்பவர்களும் உண்டு என்கிறார்கள். நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இவர் உங்கள் கருத்தைக் கேட்பார். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு, உலகத்தில் இனி நடக்கப்போவதெல்லாம் உங்கள் பதிலைப் பொறுத்தது என்பது போலக் கேட்பார். நீங்கள் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். பிறகு, எவ்வளவு நல்ல பதில் சொன்னீர்கள் என்று உங்களைப் பாராட்டுவார்.

இவரை 'நீங்களே சொல்லுங்க' ஆசாமி என்று அழைக்கலாம்.

உங்களுக்கு இவரைத் தெரியும். தேநீர்க் கடையில், பிளேன்டீயா பால் டீயா, நீங்களே சொல்லுங்க என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் பக்கம் திரும்பி இரண்டு பிளேன்டீ என்பார். பால் உங்கள் வயிற்றுக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது என்று டீ ஆறும்வரை விளக்குவார். பஸ்ஸில், ஜன்னல் பக்கம் உட்காருகிறீர்களா என்று கேட்டபடியே ஜன்னல் பக்கம் உட்காருவார். செத்த வீட்டில், எத்தனை மணிக்கு எடுப்பது என்று மூத்த மகனிடம் கேட்டு, அவன் அழுகையை விழுங்கிப் பேசத் தயாராவதற்குள், மூன்று மணிக்கு என்று ஊருக்கே அறிவித்துவிடுவார். மகனும் தலையாட்டுவான். இறந்தவர் ஒருவர்தான் அந்த வீட்டில் தலையாட்டாதவர்.

இந்த இனம் எங்கிருந்து வந்தது? எங்கள் தேயிலை மலைகளில் ஒரு காலத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் நிற்க வைத்து, இன்றைக்கு இந்த மலைக்குப் போ என்று அனுப்பினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. இப்போது கேட்டுவிட்டு அனுப்புகிறார்கள். இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

இனி ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, வாளிகளும் மண்வெட்டிகளும் தொங்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில், ஜீவராஜ் என்பவர் கணினி வகுப்பு நடத்துகிறார். நல்ல மனிதர். இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. கெட்டவர்களாக இருந்தால் நமக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவரிடம் படிக்க பூண்டுலோயாவிலிருந்து பிரேமினி என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு கேம் செய்தாள்.

கேம் இதுதான். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய ஒரு பெண் மலையில் நிற்கிறாள். பின்னால் ஒரு சிறுத்தை வருகிறது. அவள் தேயிலைச் செடிகளுக்கு இடையில் சரிவில் ஓடுகிறாள். தோட்டத்தில் மழைத்தண்ணீர் இறங்க வெட்டிவிடும் வாய்க்காலைக் கான் என்போம். அப்படி வழியெல்லாம் கான். விளையாடுகிறவர் சரியான நேரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் அவள் தாண்டுவாள். பிந்தினால் விழுவாள், கொழுந்து கொட்டிப்போகும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வெற்றி. ஒரு பேச்சு கிடையாது. நான் விளையாடிப் பார்த்தேன், ஐந்து முறை விழுந்தேன். நன்றாக இருந்தது. எதைப் பற்றியும் நான் இவ்வளவு தாராளமாகச் சொல்வதில்லை.

அந்த நேரத்தில் ஹட்டனில் ஒரு போட்டி அறிவித்தார்கள். கொழும்பிலிருந்து கேம் தயாரிக்கிற ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்து, ஒருவரைத் தெரிந்தெடுத்து, ஒரு வருடம் சம்பளத்தோடு பயிற்சி கொடுப்பதாகச் சொன்னார்கள். பிரேமினிக்கு அது வேண்டும். கிடைக்காவிட்டால் பொங்கல் முடிந்ததும் வலப்பனையில் மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போக வேண்டும். அதுவும் அவளைக் கேட்டு எடுத்த முடிவுதான். ஒனக்குச் சம்மதம்தான என்று அப்பா கேட்டார். கேட்டபோதே மாமாவுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது.

போட்டிக்கு வகுப்பின் பெயரில் அனுப்புவோம் என்றார் ஜீவராஜ். ஒன்னோட கேம்தான், என்ன மாத்தணும்னு நீயே சொல்லு என்றார். அவள் யோசிக்கத் தொடங்கினாள். அவர் மாற்றத் தொடங்கினார்.

முதலில் அந்தப் பெண் ஏன் ஓடுகிறாள் என்று கேட்டார்.

"சிறுத்த வருதுல்ல சேர்."

"அது ஒனக்குத் தெரியும். வெளையாடுறவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"திரையில தெரியுதே சேர்."

"தெரியிறது வேற, புரியிறது வேறம்மா."

ஆகவே அந்தப் பெண்ணுக்குப் பூரணி என்று பெயர் வைத்து, ஓடுவதற்கு முன் தன் பிறப்பு, வளர்ப்பு, தோட்டத்து லயவீட்டின் கூரை ஒழுகும் விதம், ஓட்டத்தின் அவசியம் எல்லாவற்றையும் அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். குரல் மட்டும் அவருடையது. ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் விளையாடுகிறவர் 'சரி' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் பூரணி அதே வசனத்தை இன்னும் பொறுமையாகத் திரும்பச் சொல்வாள்.

பிறகு அவருக்குத் தோன்றியது, எந்தக் காரியத்தையும் விளக்கேற்றாமல் தொடங்கலாமா என்று. எங்கள் ஊரில் பேனா நண்பர் சங்கம் பேனா மாற்றுவதற்கும் மங்கள விளக்கு ஏற்றித்தான் பழக்கம். எனவே கேமின் தொடக்கத்தில் தேயிலை மலையில் ஒரு மேடை முளைத்தது. மேடையில் தலைவர், முன்னிலை வகிப்பவர், சிறப்பு விருந்தினர். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது, மனம் நோகும். ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு திரியாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு திரிக்கும் ஒரு 'சரி'. தேவாரம் ஒன்று, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் குறைப்பட்டுக்கொள்ளாதிருக்க ஒரு ஜெபமும். வரவேற்புரை. தலைமையுரை. சிறுத்தை என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? அதுவும் மேடையில்தான் இருந்தது. விருந்தினரை நிற்க வைக்கலாமா? நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தி, காட்டு விலங்குகளின் இன்றைய நிலை என்ற தலைப்பில் அதற்கும் பேச நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

விளையாடுகிறவருக்குச் சுதந்திரம் இல்லை என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே. அதற்கும் ஏற்பாடு இருந்தது. சிறுத்தை எழுந்ததும் திரையில் மூன்று வழிகள் வரும்: ஓடலாம், நிற்கலாம், யோசிக்கலாம். எதை அமுக்கினாலும் பூரணி, 'நல்ல முடிவு. முதலில் யோசிப்போம்' என்பாள்.

"எத அமுக்குனாலும் ஒண்ணுதான சேர் வருது" என்றாள் பிரேமினி.

"தப்பான முடிவ எடுத்துட்டா பாவம்ல. நாம அவங்கள காப்பாத்துறோம்."

சுதந்திரம் என்பது பல வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்வது என்று சில தத்துவ நூல்கள் சொல்கின்றன. எந்த வழியில் போனாலும் சேருமிடம் ஒன்றே என்று வேறு சில நூல்கள் சொல்கின்றன. பல நூறு ஆண்டுகளாகத் தீராத இந்த வழக்கை ஒரே திரையில் சமரசம் செய்து வைத்தவர், எனக்குத் தெரிந்து, ஜீவராஜ் ஒருவர்தான்.

இதற்கெல்லாம் இடம் பண்ண, கான்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துபோயின. தாண்டச் சொன்னால் விழுவார்கள், விழுந்தால் மனம் உடைந்துபோகும் என்று அவர் கவலைப்பட்டார். 'பூரணி கானைத் தாண்டினாள்' என்று எழுத்தில் போட்டால் ஆபத்தில்லை. பிரேமினி அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு கானாவது இருக்கட்டும் சேர். கடைசியிலயாவது அவங்களா தாண்டட்டும்."

அவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தியா, நீயே சொல்லிட்ட. இதத்தான் நானும் எதிர்பாத்தேன்" என்று ஒரு கானை மட்டும் விட்டு வைத்தார். நன்றியுரைக்குப் பின்னால்.

போட்டி நாள் வந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். பிரேமினி தன் அம்மா அம்மாக்கண்ணுவைப் பின் வரிசையில் உட்கார வைத்து, பொழுது போகட்டும் என்று தன் போனைக் கையில் கொடுத்துவிட்டு, மேடை ஓரம் போய் நின்றாள். கொழும்பிலிருந்து வந்திருந்த நடுவரின் பெயர் சுதர்ஷினி. அவர் கையில் ஜீவராஜ் கொன்ட்ரோலரைப் பணிவாகக் கொடுத்தார். கொடுத்த பிறகும் தன் கையை அதிலிருந்து முழுவதுமாக எடுக்கவில்லை.

கேம் தொடங்கியது. திரையில் ஜீவராஜின் குரல் வரவேற்றது. மேடையில் மைக்கைப் பிடித்த ஜீவராஜ், அந்த வரவேற்பின் உட்பொருளை விளக்கினார். ஒரு திரி எரிந்தது. சரி. அடுத்த திரி. சரி. சுதர்ஷினி சுற்றிலும் பார்த்தார். ஜெபம் வந்தபோது முன் வரிசையில் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இதுல இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார் அவர்.

"நீங்களே சொல்லுங்க மேடம்."

"தாண்டணும்னு நெனைக்கிறேன். வெளியில போட்டிருக்க படத்துல தாண்டுறாங்களே."

"அருமையா சொன்னீங்க. தாண்டுவீங்க மேடம். அதுக்கு முன்னுக்கு..."

அதற்கு முன்னுக்குச் சிறுத்தை எழுந்து, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, அவையடக்கம் சொல்லத் தொடங்கியது. மேடை ஓரத்தில் பிரேமினி தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவருக்கும் கொடுத்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. அந்த ஒரே ஒரு கான் இருக்கும் இடத்துக்கு, சிறுத்தை எவ்வளவு சுருக்கமாகப் பேசினாலும், இனிப் போய்ச் சேர முடியாது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணிக்கடையில் சேலை மடிக்கும் விதத்தைக்கூட அவள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அப்போதுதான் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அட பாவி, மறுபடியும் கான்ல விழுந்துட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மாக்கண்ணு மகளின் போனை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்த சிரிப்பில் வந்த கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். போனில் இருந்தது பழைய கேம், மேடை முளைப்பதற்கு முந்தியது. பக்கத்திலிருந்தவர்கள் அவர் தோளின் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து எனக்கு, அடுத்து எனக்கு என்று ஏற்கெனவே அங்கே ஒரு வரிசை உருவாகி, அதில் ஒரு சண்டையும் மூண்டிருந்தது.

சுதர்ஷினி கொன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போனார். சிறுத்தையின் உரை நின்றுவிட்டதா? இல்லை. ஜீவராஜ் தானே உட்கார்ந்து 'சரி'யை அமுக்கிக்கொண்டார். உண்மையில் அதன் பிறகுதான் கேம் தடையில்லாமல் ஓடியது.

நடுவர் போனை வாங்கி விளையாடினார். முதல் கானிலேயே விழுந்தார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் விழுந்தார்.

"அந்த எடத்துல எல்லாரும் விழுவாங்க மேடம்" என்று ஆறுதல் சொன்னார் அம்மாக்கண்ணு. "நான் நெசத்துலயே விழுந்திருக்கேன்."

கொஞ்ச நேரம் நடுவர் யாருக்கும் போனைக் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு தடவை மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மூச்சை விட்டுவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். மேடை ஓரத்திலிருந்து அங்கே ஓடி வந்திருந்த மகளை அம்மாக்கண்ணு மோவாயால் காட்டினார். இதற்குள் ஜீவராஜ் மைக்கோடு வந்து சேர்ந்து, அது ஆரம்ப காலத்து முயற்சி என்றும், வளர்ச்சி பெற்ற வடிவம் மேடையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றும், சிறுத்தை இப்போது முடிவுரைக்கு வந்துவிட்டது என்றும் தெரிவித்தார்.

சுதர்ஷினி பிரேமினியைப் பார்த்தார். "கொழும்புக்கு வந்து எங்களோட ஒரு வருஷம் வேலை பழகுறீங்களா?"

"நல்ல கேள்வி மேடம்" என்றார் ஜீவராஜ். "நீயே சொல்லும்மா. ஏன்னா பிரேமினியப் பொறுத்தவரைக்கும் மேடம், குடும்பச் சூழல்னு ஒண்ணு இருக்கு, பெத்தவங்களோட கருத்துன்னு ஒண்ணு இருக்கு, அவளோட மனசுல என்ன இருக்குன்னா..."

மைக் அவர் வாயருகேதான் இருந்தது. ஆனால் எவ்வளவு பேசுகிறவரும் நடுவில் மூச்சு இழுத்துத்தான் ஆக வேண்டும். அவர் இழுத்தார்.

"வர்றேன் மேடம்" என்றாள் பிரேமினி.

மைக் இல்லாமலே மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. அவர் மூச்சை விட்டு, பிரேமினி வர்றேன் என்று எந்தக் கருத்தில் சொன்னாள் என்பதை விளக்கத் தொடங்கியபோது, அவள் நடுவரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு கொழும்பு நம்பரைப் பதிந்துகொண்டிருந்தாள்.

ஜீவராஜுக்கு வருத்தமில்லை. சிறந்த வசனத்துக்கு ஒரு சிறப்புப் பரிசை அங்கேயே யோசித்து ஏற்பாடு செய்து அவருக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பரிசை வாங்கிக்கொண்டு, சுருக்கமாகப் பேசுவதா விரிவாகப் பேசுவதா என்று சபையிடமே கேட்டார். சுருக்கமாக என்று சபை ஒரே குரலில் சொன்னது. சுருக்கத்தின் சிறப்பை அவர் விரிவாக எடுத்துச் சொன்னார். பிரேமினி இப்போது கொழும்பில் இருக்கிறாள். அது தன் முடிவு என்று இன்றைக்கும் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாசகரே, இதுவரை படித்ததில் உங்களுக்குக் கட்டாயம் ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்திருக்கும். அவர் மைத்துனராக இருக்கலாம், பள்ளிக்கூட அதிபராக இருக்கலாம், அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். அவரிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்த இடத்தைக் கவனியுங்கள், இது யாரைப் பற்றித் தெரிகிறதா, இங்கே சிரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக எடுத்துச் சொன்னால்தான் அவருக்குப் புரியும் என்று நினைக்கிறீர்கள், இல்லையா?

அந்த நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்திருங்கள்.