இசட் பாயும் சிவப்புப் பெருக்கல் குறியும்

கணினியிடம் கன்னடத்தில் பேசி வேலை வாங்கத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் இசட் பாய்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் கணினிகளுக்கு வைத்தியர் அவர். எங்கள் கோப்புகள் எல்லாம் சர்வரில், இசட் டிரைவ் என்ற பொது இடத்தில் கிடக்கும். பல நாள் காலையில் கணினியைப் போட்டால் அந்த டிரைவின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி உட்கார்ந்திருக்கும். தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். "பாய், செவப்பு!" என்று குரல் கொடுத்தால் வந்துவிடுவார்.

"செவப்பப் பாத்தா யாரும் கை வெக்காதீங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்" என்பது அவர் சட்டம். நாங்களும் அறுந்து விழுந்த கரண்ட் கம்பியைப் போல அதற்குப் பயந்து வாழ்ந்தோம்.

வைத்தியம் உடனே ஆரம்பிக்காது. நம்மை எழுப்பிவிட்டு நம் நாற்காலியில் உட்காருவார். "மாமியாருக்கு மூட்டுவலி எப்படிங்க இருக்குது? பையன் கணக்குல பாஸாயிட்டானா?" வீட்டுக் கஷ்டமெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் கணினி பக்கம் திரும்புவார். சர்வர் பெங்களூரில் வாங்கியதாம், அதனால் அதனிடம் கன்னடம்தான். "ஏளப்பா, ஏளு! பெளகாய்த்து!" எழுந்திருப்பா, விடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து அவருடைய அகலமான முதுகு திரையை முழுக்க மறைத்துவிடும். நகர்ந்தால் சிவப்பைக் காணோம்.

"என்னா பாய் பண்ணுனீங்க?"

"கம்ப்யூட்டர் காலங்காத்தால எந்திரிச்சு உக்காந்துக்குது. நெட்வொர்க்கு பல்லு வெளக்கிட்டு மெதுவாத்தான் வருது. இவனுக்குப் பொறுமையில்ல, ஆளக் காணோம்னு செவப்பு போட்டுடறான். சமாதானம் பண்ணி வெச்சேன்."

இப்படி இருந்தவர் தலையில் ஒருநாள் இடி இறங்கியது. பெங்களூரிலிருந்து போனிலேயே கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம், சோதித்துப் பார்த்துச் சரிப்பட்டால் பாயைப் போச்சம்பள்ளியில் இருக்கும் கம்பெனி ஸ்டோருக்கு மாற்றிவிடலாம் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது.

"அங்க போயி நட்டு போல்ட்டுகிட்ட என்னத்தங்க பேசறது?" என்று என்னிடம் கேட்டார். கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது.

சோதனை நாள். பாயைக் கேன்டீனில் உட்கார வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார் மேனேஜர். இருக்கிற கணினிகளில் எல்லாம் சிவப்பு. பக்கத்துத் தளி ஊரிலிருந்து வரும் கணக்குப்பிரிவு மஞ்சுளா பெங்களூருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது:

"அந்தக் குறி மேலயே ரெண்டு தடவ கிளிக் பண்ணுங்க மேடம்."

மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். டிரைவ் திறந்தது. சிவப்பு போய்விட்டது.

"அவ்ளோதான் மேடம்."

இத்தனை வருஷக் கன்னடமும், அந்த முதுகும், கேவலம் ரெண்டு தட்டுக்கா! எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வந்தார். மஞ்சுளாவைப் பார்த்தேன். அவள் போனை வைத்தாள்.

"என்னம்மா, ஓப்பன் ஆச்சா?" மேனேஜர் உள்ளிருந்து கேட்டார்.

"எங்க சார்! என்னென்னமோ சொல்றாங்க, ஒண்ணும் வேலைக்காவல."

"உங்களுது?" என்று என்னைக் கேட்டார்.

"செவப்பு அப்படியேதான் சார் இருக்குது." என்னுடையதை நான்தான் தொடவே இல்லையே, பொய் என்று யார் சொல்ல முடியும்?

"பாயக் கூப்பிடுங்கய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

பாய் ஓடிவந்து நேராக மஞ்சுளாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவ் திறந்தே கிடந்தது. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி, முதுகால் திரையை மறைத்துக்கொண்டு, "ஏளப்பா, ஏளு" என்றார்.

போச்சம்பள்ளிப் பேச்சு அதோடு போயிற்று.

இன்று காலையும் என் திரையில் சிவப்பு. குரல் கொடுத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். மாமியாரின் மூட்டுவலி பற்றி பாயிடம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.