இரட்டை வேகத்தில் போன பெரியப்பா

குடும்பத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டால், சாவு வீட்டில்கூட அவனைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். (நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதுதான் கோளாறு.)

அப்போது கண்டியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். புதிய போனில் எடுக்கும் வீடியோ பழைய போனுக்குப் புரியாது. இடையில் அதைப் பிரித்து, பழைய போனுக்குத் தெரிந்த விதத்தில் மறுபடி கட்டி அனுப்புவதுதான் என் வேலை. நேரம் பிடிக்கிற வேலை. அதை வேகமாக்க நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்: வீடியோ என்பது வரிசையாக ஓடும் படங்கள்தானே, அதில் இரண்டு படத்துக்கு ஒன்றைத் தூக்கி எறிந்துவிடுவது. மேசையில் தூங்கிக்கொண்டிருந்த சக ஊழியரைப் படம் பிடித்துச் சோதித்தேன். பிரமாதமாக வந்தது.

அந்த வாரம்தான் வத்தேகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பெரியப்பா இறந்துபோனார். அவருடைய ஒரே மகள் மலர் அக்கா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. கையில் கண்ணாடி வெடித்த பழைய போன். தோட்டத்திலோ சிக்னல் மோசம். சாதாரண வீடியோ கோல் எடுத்தவுடனே அறுந்தது. மகளுக்குக் கடைசியாக ஒருமுறை முகத்தைக் காட்ட முடியுமா என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார். முடியும் என்றேன். அழுகிற சனத்துக்கு நடுவில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

என் வழியில் வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டாக அக்காவுக்கு அனுப்பினேன்; முகத்தைக் காட்டும்வரை எல்லாம் சரியாக நடந்தது. பெரியப்பா அசையவில்லை அல்லவா. பிறகு பெட்டியைத் தூக்கினார்கள். நான் படம் பிடித்தபடியே பின்னால் போனேன். பேசுவதற்காக என் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்த பெரியம்மாவின் போனில் அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, ஏன் எல்லாரும் அப்பாவ தூக்கிட்டு ஓடுறாங்க?"

யாரும் ஓடவில்லை. படி செங்குத்து என்று அடிமேல் அடி வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. பாதிப் படங்களை எறிந்த நான், மீதியை மெதுவாக ஓட்டு என்று அக்காவின் போனுக்குச் சொல்ல மறந்திருந்தேன். துண்டு துண்டாகப் போன வீடியோவில், ஆட்கள் குடுகுடுவென்று ஓடி, சிலையாக நின்று, மறுபடி ஓடியிருக்கிறார்கள். தப்பு மேளத்தின் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டிருக்கிறது. (தூங்குகிற மனுசன் இரண்டு மடங்கு வேகத்தில் தூங்கினால் யாருக்குத் தெரியும்?)

"மழ வருதா தம்பி?"

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆமாக்கா என்றேன்.

"அப்பாவ நனையாம கொண்டு போகச் சொல்லு" என்றார் அக்கா.

யாரோ வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை வாங்கி, பெட்டிக்கு மேலே நீட்டிப் பிடித்தேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்த சித்தப்பா, மயானம் வரை என் தோளை அணைத்துக்கொண்டே வந்தார்.

அக்கா லீவில் வந்தபோது உண்மையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது வெயிலில் குடை எடுத்தால், "குவைத்துல மழையா?" என்று கேட்கிறார்கள். அக்காதான் முதலில் கேட்பார்.

சரியான வேகத்தில் எடுத்த வீடியோ என் போனில் அப்படியே இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று அன்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. மெதுவா போனா, நிப்பாட்டுங்கன்னு சொல்லத் தோணும்."