இறுக மறுத்த கம்பி

“யோவ் ஆர்லிஸ், மறுபடியும் கம்பி மெத்துனு வந்திருக்காம்யா!” என்று சோதனைச் சீட்டை ஆட்டிக்கொண்டே வந்தார் மேலாளர் ராக்லி.

டென்னசி மலையடிவாரத்து ஆலையில், யுரேனியக் கலவைக் கம்பிகளை உலையில் பதமாகச் சூடுகாட்டி இறுக்குவதுதான் ஆர்லிஸின் பிழைப்பு. இரும்புக்கு நேர்மாறான சரக்கு அது; இதமான சூட்டில் இறுகும், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இளகிவிடும். இறுகிய கம்பியைப் பெட்டியில் பூட்டி வேலிக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிடுவான். அங்கே கடைசல் இயந்திரத்தில் கடைந்து, சோதித்துச் சீட்டு அனுப்புவார்கள். யார், எப்படி என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் வேலை போய்விடும். அவன் மனைவி நேடினும் அதே ஆலைக்குத்தான் போகிறாள். ‘உனக்கு அங்கே என்ன வேலை?’ என்று இருவரும் இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டதில்லை.

“இங்க அளந்தப்ப கல்லு மாதிரி இருந்துச்சு சார்!”

“உன் கருவி குடிச்சிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள வைய்யா.”

வைத்தான். முன்னைவிட இளக்கம் என்று சீட்டு வந்தது.

சூட்டையும் கூட்டினான். இந்தத் தடவை ஒரு கம்பி கைதவறி விழுந்து, கண்ணாடிபோல் இரண்டாக உடைந்தது. ஆர்லிஸுக்கு ஒரே குஷி. “இதுக்கு மேல இறுகணும்னா கடவுளே வந்து உலை ஊதணும்!” என்று மிச்சத்தை அனுப்பிவைத்தான்.

சீட்டில் ஒரே வார்த்தைதான் இருந்தது: வெண்ணெய்.

“போதும்யா சாமி,” என்றார் ராக்லி. “மூட்டையைக் கட்டு. நெவாடா பாலைவனத்துல வாசல் காவலுக்கு ஆள் கேக்குறாங்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் ஆர்லிஸ் சோளரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தான். நேடின் நெற்றியில் ஈரத்துணியோடு வந்து எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள்.

“என்னை நெவாடாவுக்குத் தூக்கியடிச்சுட்டாங்க, நேடின்.”

“என்னது! இப்பதானே வீட்டுக்கு வெள்ளையடிச்சோம்? ஏங்க, அப்படி என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?”

“அதைச் சொல்லக் கூடாதே!”

“ஆமா, பெரிய்ய ரகசியம்! ஊரை விட்டே துரத்துறான், இன்னும் என்ன ரகசியம்?” நேடின் ஈரத்துணியை மேசையில் வீசினாள். “போவோம், விடுங்க. எனக்கும் அலுத்துப்போச்சு. எவனோ ஒரு கிறுக்கன் கம்பியை இறுக்கி இறுக்கி அனுப்புறான், எங்க கடைசல் உளியெல்லாம் உடைஞ்சு தெறிக்குது. நான்தான் பாவம் பார்த்து, ஒவ்வொரு தடவையும் அதைச் செக்கச்செவேல்னு காய்ச்சி, தண்ணியில முக்கி, வெண்ணெயா இளக்கி அனுப்பி, அந்த மடையனோட வேலையைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்!”