பதினொரு தாளில் ஒரு பெட்டி வியாபாரம்

வேலணை மேற்கு,
12.06.1979

அன்புள்ள மச்சான் மயில்வாகனத்துக்கு,

நயினை அம்பாள் காவலில் நான் சுகம். உம்முடைய தங்கை நல்லம்மாவும் சுகம் என்றே நினைக்கிறேன். நாலு நாளாக என்னோடு கதையாதபடியால் நிச்சயமாகச் சொல்ல ஏலாது. மாத்தறைக் கடை எப்படி நடக்கிறதென்று எழுதும்.

விசயம் இதுதான். நல்லம்மா பின்னுகிற பனையோலைப் பெட்டிகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. ஒரு கொட்டில் போட்டு, அயல் பெண்கள் சீதேவியையும் இராசமணியையும் கூலிக்கு வைத்துப் பெரிதாகச் செய்ய, வங்கியில் இரண்டாயிரம் ரூபா கடன் கேட்டாள். வியாபாரத் திட்டம் ஒன்று எழுதிவரச் சொன்னாராம் மனேச்சர். முப்பத்தொரு வருசம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் வீட்டில் இருக்க வேறு ஆர் எழுதுவது? பதினொரு தாள் எழுதினேன். முதல் ஐந்தும் பனையின் வரலாறு. ஆறாம் தாள் வரவு செலவு, அங்கேதான் சனி பிடித்தது. பெட்டிக்கு நியாயமாக மூன்று ரூபா விலை போட்டேன். ஆனால் உம்முடைய தங்கை காசு கொடுத்து வாங்குகிறவருக்கும் பெட்டியை வெறுமையாகக் கொடுக்கமாட்டாள். "வெறும் பெட்டி குடுத்தனுப்பிறது வீட்டுக்குச் சரியில்லையப்பா" என்று தின்ன ஒடியலும் பனங்கட்டியும் உள்ளே வைத்துத்தான் கொடுப்பாள். அதற்கு இரண்டரை ரூபா. ஓலை, சாயம், கூலி ஒன்றரை. ஆக, பெட்டிக்கு ஒரு ரூபா நட்டம், வருசம் ஐந்நூறு பெட்டி விற்றால் ஐந்நூறு ரூபா நட்டம், வியாபாரம் வளர வளர நட்டமும் வளரும் என்று சிவப்பு மையால் எழுதி, கந்தோர்க் கடுதாசி பெண்களுக்கு விளங்காதென்று அவளுக்குக் காட்டாமலே உறையில் போட்டு ஒட்டி, அவள் கையிலேயே கொடுத்தனுப்பினேன். பொய்க்கணக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை.

மனேச்சர் வாசித்துவிட்டு, "அம்மா, கடன் குடுக்க வேண்டாமெண்டெல்லோ உங்கட வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார்" என்று திருப்பிக் கொடுத்தாராம். அன்றைக்கு நின்ற பேச்சுத்தான். கஞ்சிக்கு உப்பும் நின்றுவிட்டது. எனக்கு உள்ளபடி மனவருத்தம். அவள் நகையோ சேலையோ கேட்கவில்லை, ஒரு கொட்டில்தான் கேட்டாள்.

நீர் சொன்னால் கேட்பாள். வெறும் பெட்டி விற்கச் சம்மதிக்கட்டும், இல்லாவிட்டால் வியாபாரத்தை விடட்டும் என்று உடனே அவளுக்கு எழுதும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஒரு குறையுமின்றி இருங்கள்.

இப்படிக்கு,
ஆழ்வாப்பிள்ளை
இளைப்பாறிய பிரதம கிளாக்கர்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போன நேரம் நல்லம்மா வந்து பேசினாள். நேற்றுத் தானே போய் மனேச்சரைக் கண்டாளாம், கடன் தருகிறாராம். "எட்டு ரூபாய்க்கு விக்கிற பெட்டிக்கு மூண்டு ரூபா எண்டு ஆரப்பா உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை, மச்சான். பதினொரு தாள் எழுதியும் நான் அவளிடம் விலை கேட்கவேயில்லை. நீர் அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.